மைலை அல்ல, அடியை எண்ணுங்கள்: கிழக்குச் சியராவில் தனியாகக் காரும் கூடாரமும்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே போனால் கிடைக்கும் நெடுஞ்சாலை 395, மொஹாவே பாலைவனத்தைத் தாண்டியதும் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சுவரை ஒட்டியே ஓடுகிறது. மேற்கு அமெரிக்க மலைகளில் தனியாகக் காரோட்டி, இரவில் கூடாரம் அடித்துத் தங்கிப் பழக நினைப்பவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். சாலை பள்ளத்தாக்கில் போகிறது. லோன் பைன், இண்டிபெண்டன்ஸ், பிக் பைன், பிஷப், மேமத் லேக்ஸ், லீ வைனிங் என்று பதினைந்து முதல் நாற்பது மைலுக்கு ஓர் ஊர் வந்துவிடும். ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு கிளைச்சாலை மேற்கே மலைக்குள் ஏறி, ஓர் ஏரிக்கரையிலோ வனத்துறை கேம்ப்கிரவுண்டிலோ போய் முடியும். மேலே ஏதாவது தவறினால் அரை மணி, முக்கால் மணியில் கீழே இறங்கி மருத்துவமனை, டயர் கடை, சூடான சாப்பாடு எதையும் பிடித்துவிடலாம். கொலராடோவிலோ மொண்டானாவிலோ எல்லா இடத்திலும் இந்த வசதி கிடைக்காது.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு மைலை வைத்துத் திட்டம் போடுவது. லோன் பைன் ஊரிலிருந்து விட்னி போர்ட்டல் 13 மைல்தான். ஆனால் ஊர் இருப்பது சுமார் 3,700 அடியில், போர்ட்டல் இருப்பது சுமார் 8,360 அடியில். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தப் பதின்மூன்று மைலில் 9 டிகிரி போய்விடும். ஜூலை மாதம் ஊரில் சட்டை நனைய வியர்த்த அதே நாள், மேலே இரவில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். தூக்கம், சமையல், பிரேக், தலைவலி எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த உயரம்தான். ஆகவே ஒவ்வோர் இரவும் எத்தனை அடியில் தூங்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். மைல் கணக்கை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்

செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. ஒரே காலத்தைச் சொல்லச் சொன்னால் பதில் இதுதான். ஜூனிலும் ஜூலை முதல் பாதியிலும் ஏரிக்கரைகளில் கொசு பிய்த்தெடுக்கும். ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை வரும். செப்டம்பர் கடைசியில் கொசுவும் கூட்டமும் ஒழிந்திருக்கும், பிஷப் க்ரீக் பள்ளத்தாக்கில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். அந்தக் காலத்துக்கும் இரண்டு குறைகள் உண்டு. இரவில் 9,000 அடிக்கு மேல் தண்ணீர் உறையலாம். பல கேம்ப்கிரவுண்டுகளில் குழாய்த் தண்ணீரை நிறுத்திப் பூட்டிவிடுவார்கள்.

காட்டுத்தீப் புகை எந்தக் கோடையிலும் வரலாம். புறப்படும் முந்தைய நாள் ஏர்நவ் தளத்தில் காற்றின் தரத்தையும், கலிபோர்னியா சாலைத்துறையான கால்டிரான்ஸின் குவிக்மேப்பில் சாலை மூடலையும் பாருங்கள். லீ வைனிங்கிலிருந்து மேற்கே யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் போகும் டயோகா கணவாய் (9,943 அடி) பனியால் பொதுவாக நவம்பரில் மூடி மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும். 2023-இல் பனி மிகுந்து ஜூலை 22-இல்தான் திறந்தது. "ஜூன்தானே, திறந்திருக்கும்" என்று நம்பி லீ வைனிங் வரை போனவர்கள் மறுபக்கம் சேர நூற்றுக்கணக்கான மைல் சுற்ற நேர்ந்திருக்கிறது.

கார்

நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. கீழே சொல்லும் இடங்கள் எல்லாவற்றுக்கும் தார்ச் சாலையோ நல்ல மண் சாலையோ உண்டு. நடுத்தர எஸ்யூவி எடுத்தால் பின்னிருக்கையை மடித்து உள்ளேயே படுக்கலாம் என்பது ஒரு வசதி. காற்றில் கூடாரம் கிழிந்தால் அதுதான் மாற்று வீடு. வாடகை நிலையத்திலேயே இருக்கையை மடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருமுறை படுத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பல வண்டிகளில் மடித்த இருக்கை ஏழெட்டு டிகிரி சரிவாக நிற்கும். அதில் இரவு முழுக்கக் கால்பக்கம் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

அங்கேயே இன்னும் இரண்டைப் பாருங்கள். பின்தளத்தைத் தூக்கி ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மூன்றும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இப்போது பல வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒட்டுத்திரவமும் சின்ன பம்பும்தான் வைக்கிறார்கள். டயரின் பக்கச்சுவர் கல்லில் கிழிந்தால் அது உதவாது. ஸ்டெப்னி இல்லாத வண்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்தது ஒப்பந்தம். தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அப்படி ஓட்டி வண்டி சிக்கினால் இழுவைச் செலவு உங்கள் தலையில் விழும், காப்பீடும் கைவிரிக்கலாம்.

சுற்றுலாவாக வருபவர் ஊர் லைசென்சுடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 25 வயதுக்குக் கீழே என்றால் வாடகை நிறுவனங்கள் பொதுவாக நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் போடும்.

பெட்ரோல் பாதியானதும் நிரப்புங்கள். விலை லீ வைனிங்கிலும் பிரிட்ஜ்போர்ட்டிலும் கண்ணைக் கட்டும். பிஷப்பிலேயே நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். லீ வைனிங்கை விட்டு டயோகா வழியாக மேற்கே போனால் கிரேன் பிளாட் வரை சுமார் 60 மைலுக்குப் பங்க் கிடையாது. பம்பில் கார்டு போட்டால் ஐந்திலக்க அஞ்சல் எண் கேட்கும். வெளிநாட்டுக் கார்டுக்கு அது ஒத்துவராது. உள்ளே போய், பம்ப் எண்ணைச் சொல்லி, ஐம்பது டாலர் முன்பணம் கட்டுங்கள். மீதம் திரும்ப வந்துவிடும்.

படுக்கை

கூடாரத்துக்குச் செலவழிக்கும் பணத்தைப் படுக்கைக்குச் செலவழிக்கலாம். எளிய இரண்டு ஆள் கூடாரமே ஒருவருக்கு தாராளம். உறக்கப் பையில் 20 டிகிரி பாரன்ஹீட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் "உயிருக்கு ஆபத்தில்லாமல் சுருண்டு கிடக்கலாம்" என்ற எல்லை. நிம்மதியாகத் தூங்கும் அளவு அதற்கு ஏறக்குறைய பத்து டிகிரி மேலே. வெயில் ஊரில் வளர்ந்த உடம்புக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் 9,000 அடிக்கு 20 டிகிரிப் பை சரியாக இருக்கும், 40 டிகிரிப் பை போதாது.

குளிர் மேலிருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது தரை. உடம்பின் கீழே நசுங்கிய பஞ்சு சூட்டைத் தாங்காது. விருந்தாளிக்கு ஊதிப் போடும் தடித்த காற்றுமெத்தை இன்னும் மோசம், உள்ளே சுழலும் காற்று சூட்டை இழுத்துத் தரைக்குக் கொடுத்துவிடும். படுக்கைப்பாய் வாங்கும்போது, தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் அதன் ஆர் மதிப்பைப் பாருங்கள், 4-க்கு மேல் இருக்கட்டும். மடக்கும் நுரைப்பாய் ஒன்றின் மதிப்பு சுமார் 2. ஊதும் பாய்க்கு அடியில் அதையும் போட்டால் இரண்டு மதிப்பும் கூடும், ஓட்டை விழாமல் காப்பும் ஆகும்.

இடம் பிடிப்பது

மூன்று வகை உண்டு. முன்பதிவு கேம்ப்கிரவுண்டுகள் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் கிடைக்கும். பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே கதவு திறக்கும். யோசெமிட்டிக்குள் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ஒரு மாதத்துக்கான இடங்கள் வெளிவந்து, சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். தனி ஆளுக்கு ஒரு சாதகம் உண்டு. யாராவது ரத்து செய்த ஒற்றை இரவு செவ்வாய், புதன்களில் அடிக்கடி அகப்படும்.

இரண்டாவது, முந்தி வருபவர்க்கு முந்தி. இதில் பலருக்கும் குழப்பம் வருவதால் விவரமாகச் சொல்ல வேண்டும். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் போய்ச் சேருங்கள், பழைய ஆட்கள் காலி செய்யும் நேரம் அது. காரை மெதுவாக ஓட்டி வட்டமடியுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எண் எழுதிய ஒரு கம்பம் இருக்கும். அதில் கிளிப்பில் ஒரு துண்டுச்சீட்டு தொங்கினால் அந்த ஆள் எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறார் என்று அதில் தெரியும். இன்றைய தேதி இருந்து, ஆளும் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தால், இறங்கிப் போய்க் கேளுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. காலி இடம் கிடைத்ததும் ஒரு நாற்காலியையோ தண்ணீர்க் கேனையோ மேசைமேல் வைத்துவிட்டு நுழைவாயில் பலகைக்குப் போங்கள். அங்கே காகித உறைகளும் பக்கத்தில் கனத்த இரும்புக் குழாய்ப் பெட்டியும் இருக்கும். உறைமேல் இட எண், கார் எண், இரவுகளின் எண்ணிக்கை எழுதி, பணத்தை உள்ளே வைத்து, துளையிட்ட கோட்டோடு துண்டைக் கிழித்து, உறையைப் பெட்டியில் போடுங்கள். துண்டைக் கம்பத்தில் மாட்டினால் இடம் உங்களுடையது. பெட்டி சில்லறை தராது. இரவுக் கட்டணம் வனத்துறை இடங்களில் 25 முதல் 40 டாலர் வரை இருக்கும் என்பதால் ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு கொண்டுபோங்கள். சில இடங்களில் உறைக்குப் பதில் கைப்பேசியில் சதுரக் குறியீட்டைப் படித்துக் கட்டச் சொல்வார்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், ஆனால் அந்தச் செயலியை ஊரிலேயே இறக்கிக் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, காசில்லாத வெளி. தேசியக் காடுகளிலும், பி.எல்.எம். எனப்படும் கூட்டரசு நிலத்துறையின் நிலத்திலும், தடை இல்லாத இடங்களில் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. ஏற்கெனவே யாரோ தங்கித் தரை சமமான இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும், புதுத் தடம் போடக்கூடாது. கடைசி ஐம்பது அடியை முதலில் நடந்து பாருங்கள். மணல் காலை விழுங்கினால் சக்கரத்தையும் விழுங்கும். லோன் பைனுக்கு மேற்கே உருண்டைப் பாறைகள் நிற்கும் அலபாமா ஹில்ஸ் இந்த வகையில் புகழ்பெற்றது. 2019-இல் தேசிய இயற்கைக்காட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட பிறகு கட்டுப்பாடு கூடிவிட்டது. இலவச அனுமதிச்சீட்டு வேண்டும், குறித்த இடங்களில் மட்டுமே தங்கலாம். லோன் பைனுக்குத் தெற்கே நெடுஞ்சாலை 136 பிரியும் முக்கில் உள்ள பார்வையாளர் மையத்தில் கேட்டால் அன்றைய நிலவரத்தைச் சொல்வார்கள்.

கலிபோர்னியாவில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே விறகு மட்டுமல்ல, கேஸ் அடுப்பு பற்றவைக்கவும் கேம்ப்ஃபயர் அனுமதி வேண்டும். இணையத்தில் சின்ன வினாடிவினாவை முடித்தால் இலவசமாகக் கிடைக்கும், அந்த ஆண்டு முடிய செல்லும். தீத்தடை வந்தால் விறகுக்கு அனுமதி இருக்காது. திருகினால் அணையும் கேஸ் அடுப்பைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள்.

தேசியப் பூங்கா பாஸ் பற்றி ஒரு வார்த்தை. 395-இல் ஓடவும் வனத்துறை இடங்களில் தங்கவும் அது தேவையில்லை. டயோகா வழியாக யோசெமிட்டிக்குள் நுழைந்தால்தான் வேண்டும். 2026 முதல் ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவருக்கு 80 டாலர், மற்றவருக்கு 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவர் யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துடன் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

பிற்பகல் நான்கு மணி

நான்கு மணிக்குள் இடம் சேர்ந்துவிட வேண்டும் என்பதை மட்டும் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மலை மேற்கே இருப்பதால் கடிகாரத்தில் சூரியன் மறையும் நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி முன்பே நிழல் விழுந்துவிடும். நிழல் விழுந்த பத்து நிமிடத்தில் குளிர் இறங்கும். இருட்டில் தனியாகக் கூடாரம் அடிப்பவர் சரிவைக் கவனிக்கமாட்டார், தலைக்கு மேலே தொங்கும் காய்ந்த கிளையையும் பார்க்கமாட்டார்.

இங்கே தரை பெரும்பாலும் உதிர்ந்த கருங்கல் மணல். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை அதில் நிற்காது, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பிற்பகல் காற்று கிளம்பினால் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும். முளைக்குப் பதில் தேங்காய் அளவுக் கல்லில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கல்லின்மேல் அதைவிடப் பெரிய கல்லை ஏற்றுங்கள். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும். முதலில் பாயையும் பையையும் உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு கம்புகளை நிமிர்த்துங்கள். வெறும் கூடாரம் பட்டம் மாதிரிப் பறக்கும், பிடிக்க இன்னொரு கை இருக்காது.

காருக்குள் தூங்கினால் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை விரல் அகலம் திறந்து வையுங்கள். இல்லையென்றால் விடியும்போது கண்ணாடியிலிருந்து உங்கள் மூச்சே சொட்டும். குளிருகிறது என்று உள்ளே அடுப்பு மூட்டுவதும், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் கார்பன் மோனாக்சைடில் கொண்டுபோய்விடும். அதற்கு மணமும் இல்லை, எழுப்ப ஆளும் இல்லை.

அடுப்பும் பருப்பும்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 9,000 அடியில் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிடும் என்று காத்திருந்தால், துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் விரலில் நறநறக்கும். தீயைக் கூட்டிப் பயனில்லை. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகுமே தவிர அதன் சூடு ஏறாது.

இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று இந்தச் சிக்கலைத் தீர்க்கும். அதன் வெயிட் தாங்குவது வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு அழுத்தம் என்ற கணக்கில்தான். அதனால் மலைமேலும் உள்ளே 115 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். வீட்டில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட்டி, அழுத்தம் தானாக இறங்கும் வரை விட்டுவிடுங்கள். குக்கர் இல்லையென்றால் ரவை உப்புமா, அவல், பொடி போட்ட சாதம் என்று இறங்கிவிடுவது நல்லது. சாதத்தைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடிக் கல் வைத்து, சின்னத் தீயில் வழக்கத்தைவிட ஏழெட்டு நிமிடம் கூட்டுங்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் நாளில் பருப்பை வேகவைத்து ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டு மேலே தாளித்துக்கொள்வதும் ஒரு வழி.

எரிவாயுவில் இரண்டு வகை. மலையேறுபவர்கள் தூக்கும் குட்டைக் குப்பியில் பெரும்பங்கு ஐசோபியூட்டேன் அல்லது பியூட்டேன். பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 அளவில். உறைந்த காலையில் தீ நீலமாக நடுங்கி அணைந்தால் குப்பி காலியாகிவிட்டது என்று எறியாதீர்கள், அது குளிரில் விறைத்திருக்கிறது. இரவில் உறக்கப் பையின் கால்மாட்டில் போட்டுக்கொண்டால் காலையில் எரியும். காரில் போகிறவருக்குப் பச்சை நிற ஒரு பவுண்டு புரோப்பேன் உருளையும் இரட்டை அடுப்பும் மேல். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், கனமான குக்கரும் அந்த அடுப்பில் ஆடாமல் நிற்கும். நாளுக்கு இரண்டு வேளை சமைக்கும் தனி ஆளுக்கு ஒரு உருளை மூன்று நாள் வரும். எந்த வகையானாலும் விமானத்தில் ஏற்ற முடியாது, இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

கீழே மூடிய டப்பாக்கள் மேலே உப்பும். சிப்ஸ் பாக்கெட் தலையணை ஆகும், அதைப் பார்த்துச் சிரிக்கலாம். தக்காளித் தொக்கு பாட்டிலைத் திறந்ததும் நல்லெண்ணெய் சட்டையில் பீய்ச்சினால் சிரிப்பு வராது. ஏறும் வழியில் ஒருமுறை மூடியைத் தளர்த்தி மறுபடி இறுக்கிவிடுங்கள். எண்ணெய் வாசனை அடுத்த பகுதியில் சொல்லப்போகிறவருக்கும் பிடிக்கும்.

தண்ணீர் குடிக்க, சமைக்க, கழுவ நாளுக்கு நான்கு முதல் ஆறு லிட்டர் வேண்டும். குழாய் வைத்த 20 லிட்டர்க் கேன் ஒன்றும், ஓடைத் தண்ணீருக்குக் கையடக்க வடிகட்டி ஒன்றும் போதும். வடிகட்டியில் ஒரு முறை தண்ணீர் உறைந்துவிட்டால் உள்ளே நுண்குழாய்கள் வெடித்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றுக்குள் போன பிறகுதான் தெரியும். அதையும் இரவில் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

கரடி

இங்கே இருப்பது கருங்கரடி மட்டும். பழுப்பு நிறத்தில் இருந்தாலும் அது கருங்கரடிதான். கலிபோர்னியாவில் கிரிஸ்லி அழிந்து நூறாண்டு ஆகிறது. மனிதனைத் தின்ன வருவதில்லை, ஐஸ்பெட்டிக்காக வருகிறது. கார்க் கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி டப்பா மூடி மாதிரி மடக்கிவிடும். யோசெமிட்டியில் இரவில் காருக்குள் உணவு வைப்பது சட்டப்படியே குற்றம்.

கேம்ப்கிரவுண்டில் ஒவ்வோர் இடத்திலும் பழுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். உணவு மட்டுமல்ல, மணக்கும் எல்லாமே அதற்குள் போக வேண்டும். பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், உதட்டுக் களிம்பு, குப்பைப் பை, கழுவாத குக்கர், காலியான ஐஸ்பெட்டியும்கூட. கரடி ஐஸ்பெட்டியின் உருவத்தையே அடையாளம் வைத்திருக்கிறது. தாழ்ப்பாள் "கிளிக்" என்று விழுந்ததைக் காதால் கேளுங்கள். சமைக்கும்போது பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பெட்டி இல்லாத வெளியில் தங்கினால், திருகுமூடி போட்ட கரடிக் குடுவை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கூடாரத்திலிருந்து நூறடி தள்ளி, சரிவிலோ ஓடைப் பக்கமோ உருளாத பள்ளத்தில் வையுங்கள். கரடி வந்தால் நிமிர்ந்து நின்று கத்தித் தட்டைத் தட்டுங்கள், ஓடாதீர்கள். கரடி விரட்டும் மிளகுத்தெளிப்பான் யெல்லோஸ்டோன் பக்கம் அவசியம், யோசெமிட்டிக்குள் தடை.

ஏற்றமும் இறக்கமும்

ஏறும்போது பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்கிடத்தில் விலகி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். குறுகலான மலைச்சாலையில் எதிரெதிரே வந்தால் இறங்குகிறவர்தான் பின்வாங்க வேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். கியரை எல்-லுக்கோ கீழ் எண்ணுக்கோ தள்ளுங்கள். எஞ்சின் இரையும், பயப்பட வேண்டாம். வேகம் மிஞ்சும்போது அழுத்தமாக ஒரு மிதி, பிறகு முழுதாக விடுதல். பிரேக் தேய்ந்துகொண்டே இருந்தால்தான் சூடேறி, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். கருகிய வாடை வந்தால் ஒதுங்கி அரை மணி நிற்கட்டும், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆறு இரவு

முதல் இரவு லோன் பைன் அருகே டட்டில் க்ரீக், சுமார் 5,100 அடி. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 210 மைல் போல, நான்கு மணி நேரம். கட்டணமும் வனத்துறை இடங்களைவிடக் குறைவு. மறுநாள் காலை விட்னி போர்ட்டல் வரை போய் வேடிக்கை பாருங்கள், 14,505 அடி சிகரத்துக்கு அனுமதிக் குலுக்கல் தனிக் கதை. பிறகு 395-இல் வடக்கே போகும் வழியில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த மான்சனார் முகாமுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் இரவுகள் பிஷப் க்ரீக் பள்ளத்தாக்கில் ஃபோர் ஜெஃப்ரி, சுமார் 8,100 அடி. ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பு உயரத்துக்குப் பழகும் அவகாசம் அது. நடுவில் ஒரு நாள் சப்ரீனா ஏரி அல்லது சவுத் லேக். நான்காம் இரவு ராக் க்ரீக்கில் ஈஸ்ட் ஃபோர்க், 9,000 அடி. அங்கிருந்து மஸ்கிட்டோ பிளாட் (10,300 அடி அளவில்) வரை கார் போகும். லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கில் பெரிய ஏற்றமில்லாமல் ஏரிக்கு ஏரி நடக்கலாம். ஐந்தாம் இரவு ஜூன் லேக் பக்கம் 7,600 அடிக்கு இறங்குங்கள். ஆறாம் நாள் லீ வைனிங் பள்ளத்தாக்கில் தங்கி டயோகா மேலே போய் வரலாம். பிக் பைனிலிருந்து பிரியும் சாலையில் உள்ள ஷுல்மன் தோப்பில் நாலாயிரம் ஆண்டு தாண்டிய பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. ஆனால் அது 10,000 அடி, தண்ணீரும் பெட்ரோலும் இல்லை. அதைத் திரும்பும் வழியில், உடம்பு பழகிய பிறகு வையுங்கள்.

முதல் நாளே 9,000 அடியில் போய்ப் படுத்தால் தலையிடி, குமட்டல், தூக்கமின்மை மூன்றும் வரும். லேசான தலைவலிக்கு ஓய்வும் தண்ணீரும் போதும். வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்றால் விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். தள்ளாடுபவர் தானே ஓட்டக்கூடாது. அதனால்தான் தனியாகப் போகிறவர் முதல் சில இரவுகளில் ஆளில்லாத வெளியைத் தவிர்த்து, பொறுப்பாளர் தங்கியிருக்கும் கேம்ப்கிரவுண்டில் இருக்கச் சொல்கிறோம். பக்கத்து இடத்துக்காரரிடம் வந்தவுடன் ஒரு வணக்கம் சொல்லி வையுங்கள்.

தனி ஆளுக்கான ஏற்பாடு

பள்ளத்தாக்குகளுக்குள் சிக்னல் இல்லை. வரைபடத்தை ஊரிலேயே முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். ஐபோன் 14-உம் அதற்குப் பிந்தையவையும் சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும், மேலே வானம் திறந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவரிடம் மூன்றை எழுதிக் கொடுங்கள்: கார் எண்ணும் நிறமும், ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் 911 அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்பது. அந்தக் கடைசி நேரத்தைத் தாராளமாக வையுங்கள். மாலை ஆறு என்று சொல்லிவிட்டு சிக்னல் தேடி இருட்டில் மலையிறங்கும் அவசரம் வேண்டாம், மறுநாள் மதியம் என்று சொல்லுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் 911-ஐ அழைக்க முடியாது, ஆகவே அமெரிக்காவுக்குள் இருக்கும் ஒருவரே இதற்கு ஆள்.

படுக்கும் முன் காரின் முகப்பை வெளியே பார்த்து நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் எதையும் குவிக்காதீர்கள். சாவி, தலையில் மாட்டும் விளக்கு, செருப்பு தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மனசு ஒப்பாத இடமென்றால் காரணம் தேட வேண்டியதில்லை, கிளம்பிவிடலாம்.

கழிப்பறை இல்லாத இடத்தில் ஓடை, ஏரி, பாதை மூன்றிலிருந்தும் எழுபது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி மூடுங்கள். பெரிய மண்வெட்டி வேண்டாம், தோட்டக் கரண்டி போதும். தாள் பயன்படுத்தினால் அது வறண்ட மண்ணில் மக்காது, பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை பாதி குறைவு.

திரும்பும் நாளில் பிஷப்பிலோ லோன் பைனிலோ காசு கட்டிக் குளித்துவிட்டு, காரையும் கழுவுங்கள். பைன் பிசின் கண்ணாடியில் உலர்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போகாது, சமையல் எண்ணெய் ஒரு துளி தொட்டுத் துடைத்தால் போகும். இருக்கைக்கு அடியில் மணலை உதறாமல் ஒப்படைத்தால் சுத்தம் செய்யும் கட்டணம் வரலாம். மீதமிருக்கும் புரோப்பேன் உருளையைக் குப்பையில் போடாதீர்கள், கடைசி கேம்ப்கிரவுண்டிலேயே பக்கத்து இடத்துக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சிக்னல் வந்ததும் காத்திருப்பவருக்கு முதல் செய்தி போகட்டும்.